விளக்கு எவ்வளவு நேரம் எரிந்தது

இடுப்பு இரண்டாக விண்டுபோனது மாதிரி வலித்தது. காலையிலிருந்து குனிந்து குனிந்து கூண்டுக்குள் கையை விட்டுக் காடைகளைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வயிறு வேறு கத்த ஆரம்பித்துவிட்டது. மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது என்று வயிற்றுக்குத் தெரிந்தது. காடைகளுக்கு அப்போது நடுராத்திரி.

அந்த அறை அப்படித்தான். பகலை ராத்திரியாகவும் ராத்திரியைப் பகலாகவும் பழக்கி வைத்திருந்தோம். காடையின் கண்ணுக்குள் ராத்திரியில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் ஆய்வுக்கூடத்தின் வேலை. ஆனால் ராத்திரி வேலைக்குப் பல்கலைக்கழகம் கூடுதல் சம்பளம் தராது. ஆகவே காடைகளைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். மனுஷருடைய சம்பளத்தில் கை வைப்பதைவிடக் காடையின் சூரியனில் கை வைப்பது மலிவு.

அப்படிப் பழக்கிய பிறகு, கடைசி மூன்று நாளாக அறையில் வெளிச்சமே கிடையாது. காடைக்குத் தெரியாத மங்கலான சிவப்பு விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு நானும் இந்தச் சோதனையை நடத்தும் ஆய்வாளர் நெஸு ஷியோரியும் சுரங்கத் தொழிலாளிகள் மாதிரி உள்ளே போய் வந்துகொண்டிருந்தோம்.

"சுகியுரா சான், உங்க வயிறு காடையைவிட சத்தமா கூவுது" என்றாள் நெஸு. சுகியுரா நான், சான் என்பது மரியாதைக்கு.

"கூவட்டும். அதுக்கு நீங்க ஊசி போடாம இருந்தா சரி."

"இன்னும் ரெண்டு பேர்தான். முடிச்சுட்டா அடுத்த சுற்று வரைக்கும் உக்காரலாம்."

அவள் காடைகளை 'பேர்' என்றுதான் சொல்வாள். கழுத்தைத் திருகிக் கண்ணை எடுத்துக் குப்பியில் போட்ட பிறகும் அவர்கள் பேர்தான்.

காடைகளைப் பராமரிக்கும் இந்த வேலைக்கு வருமுன் நான் பதினெட்டு வருடம் மீன் உறையவைக்கும் கம்பெனியில் இருந்தேன். அதனால் நெஸு எனக்கு இந்த ஆய்வை விளக்கியபோது கம்பெனி பாஷையிலேயே விளக்கினாள்.

"கண்ணுக்குப் பின்பக்கம் விழித்திரை இருக்குல்ல? அங்க ரெண்டு மேஸ்திரி. ராத்திரி ஷிப்ட் மேஸ்திரி மெலடோனின். பகல் ஷிப்ட் மேஸ்திரி டோபமைன். ஒருத்தர் உள்ள வந்தா இன்னொருத்தரை வெளிய தள்ளிடுவார். ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கவே மாட்டாங்க."

"எங்க கம்பெனியிலயும் அதே கதைதான். ராத்திரி மேஸ்திரி குடிப்பார்."

"இவர் குடிக்க மாட்டார். வெளிச்சமே இல்லாட்டியும் சரியான நேரத்துக்கு வந்து நிப்பார், ஏன்னா கண்ணுக்குள்ளயே ஒரு கடிகாரம் இருக்கு. ஆனா நடு ஷிப்ட்ல வெளிச்சம் பட்டா அவ்வளவுதான், ஆளைக் காணோம். அவரை வெளிச்சமே நேரா துரத்துதா, இல்ல பகல் மேஸ்திரியை அனுப்பித் துரத்துதா? அதைத்தான் ஒருநாள் கண்டுபிடிக்கணும்."

இந்த முறை அவள் பார்க்க நினைத்தது அதற்கு முந்தைய படி. ஒவ்வொரு காடைக்கும் வலது கண்ணில் டோபமைனின் வாயைக் கட்டிப்போடும் மருந்து, இடது கண்ணில் வெறும் உப்புநீர். இருட்டில் இரண்டு கண்ணும் ஒரே மாதிரி கடிகாரம் பார்க்கின்றனவா என்று இரண்டு நாள் சுற்றுச் சுற்றாகக் கண்களை எடுத்துப் பார்க்க வேண்டும். பிப்ரவரியில் வெளியூரிலிருந்து ஒரு மதிப்பீட்டுக் குழு வரும். அவர்களிடம் உருப்படியாக ஒரு முடிவைக் காட்டினால் அவளுடைய ஒப்பந்தம் இன்னும் மூன்று வருடம் நீளும். காட்டாவிட்டால் மார்ச்சோடு மூட்டையைக் கட்ட வேண்டும். வயது முப்பத்தாறு, முனைவர் பட்டம் வாங்கிய பிறகு இது நாலாவது ஊர். குஞ்சு பொரிக்கும் பண்ணையோ பறவைக் காய்ச்சல் தடையால் இனி ஏப்ரல் வரை காடை தராது என்று சொல்லிவிட்டது. இருந்தது இந்த ஒரு கூட்டம்தான்.

காய்ச்சல் தடையால் காடைகள் தாமதமாக வந்ததில் சோதனை நாள் தள்ளித் தள்ளி டிசம்பர் கடைசியில் வந்து விழுந்தது. அதாவது வருடக் கடைசிப் பெரிய சுத்தம் நடக்கும் நாளில்.

அந்த நாளில் எங்கள் நாட்டில் மந்திரி அலுவலகம் முதல் மளிகைக்கடை வரை எல்லோரும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு துடைப்பார்கள். வருடம் முழுவதும் சேர்த்த அழுக்கைப் புது வருடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. நெஸு முன்கூட்டியே உட்சுமி சென்செயிடம் போய் அனுமதி கேட்டிருந்தாள். அவர்தான் எங்கள் ஆய்வுக்கூடத்தின் தலைவர். பேராசிரியரை நாங்கள் சென்செய் என்போம்.

"இருட்டறையை மட்டும் விட்டுடணும், சென்செய்."

"தாராளமா! சோதனைதானே முக்கியம்."

உட்சுமி சென்செயைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். முப்பது வருடத்துக்கு முன்னால், ராத்திரியில் ஐந்து நிமிட வெளிச்சம் போதும், காடையின் கண்ணில் மெலடோனின் கவிழ்ந்துவிடும் என்று காட்டிப் பெயர் வாங்கியவர். அந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தைச் சட்டம் போட்டு அறையில் மாட்டியிருந்தார். குடும்பப் படம் அதற்குக் கீழே, கொஞ்சம் சின்னதாக. இப்போது ஊர் ஊராகப் போய் 'இருட்டைக் காப்போம்' என்று பேசுகிறார். படுக்கையில் கைபேசியைப் பார்க்காதீர்கள், விழித்திரை வருந்தும் என்று எங்கள் டொயோஹாஷி நகர மண்டபத்தில் முதியவர்களை மிரட்டுகிறார். எங்களுக்கெல்லாம் விடிகாலை மூன்று மணிக்கு மின்னஞ்சல் அனுப்புகிறவரும் அவர்தான்.

சுத்தத்தன்று அவர் வெள்ளைத் துண்டைத் தலையில் கட்டி, ரப்பர் உறையை முழங்கைவரை இழுத்து மாட்டிக்கொண்டு வந்தார்.

"இந்த வருஷம் நானும் துடைக்கப்போறேன். பெரியவங்க சின்னவங்க கிடையாது!"

தலைவரே வாளியைத் தூக்கினால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? அவரைவிட அதிகமாக வியர்க்க வேண்டியதாகிவிட்டது. இணைப் பேராசிரியர் கட்டாயாமா பல் துலக்கும் பிரஷை எடுத்துக்கொண்டு தரை ஓட்டின் இடுக்குகளைத் தேய்க்க மண்டியிட்டார். சென்செய் எந்தப் பக்கம் போகிறாரோ அந்தப் பக்கத்து இடுக்குகளில்தான் அவருக்கு அழுக்கு தெரிந்தது.

நாங்கள் அந்தச் சுற்றின் கடைசிக் கண்ணை எடுத்து முடித்து வெளியே வந்ததும் சென்செய் நெஸுவைப் பிடித்துக்கொண்டார்.

"நெஸு சான், அடுத்த சுற்றுக்கு நேரம் இருக்குல்ல? என் அறைக் குளிர்பெட்டியை மட்டும் கொஞ்சம் பாருங்களேன். உள்ள ஏதோ உயிர் வந்திருக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தோளைக் குலுக்கினேன். அவள் போனாள். நான் எச்சத் தட்டுகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு கழுவக் கீழ்த்தளத்துக்கு இறங்கினேன்.

தட்டுகளைக் கழுவி, காயவைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தேன். நடைவழியின் கடைசியில் தரைமேல் வெள்ளையாக ஒரு கட்டம் விழுந்திருந்தது. முதலில் யாரோ துணி காயப்போட்டிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். அது வெளிச்சம்.

இருட்டறைக் கதவு அகலமாகத் திறந்து கிடந்தது. கறுப்புத் திரையை அழகாக மடித்துக் கொக்கியில் மாட்டியிருந்தார்கள். 'நுழையாதீர்' என்று நெஸு எழுதி ஒட்டிய தாளும், விளக்கு சுவிட்சின் மேல் ஒட்டியிருந்த கறுப்பு டேப்பும் சுருட்டி வாளியில் கிடந்தன. எங்கள் கதவுகளில் பத்து வருடத்துப் பழைய 'நுழையாதீர்'கள் உரிக்காமல் கிடப்பது உண்மை. அவற்றோடு சேர்த்து இதையும் உரித்துவிட்டார்கள். உள்ளே ஸ்டூல்மேல் நின்று, வாய்க்குள் ஏதோ பாட்டை முனகிக்கொண்டு, உட்சுமி சென்செய் அலமாரியின் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சென்செய்!"

"வாங்க சுகியுரா சான், நல்ல நேரத்துல வந்தீங்க. இங்க எத்தனை வருஷத் தூசி பாருங்க! வெட்கமா இல்லையா உங்களுக்கு?"

காடைகள் எழுந்து நின்று இறகை உதறிக்கொண்டிருந்தன. இரண்டு மூன்று தீவனத்தைக் கொத்தவே ஆரம்பித்துவிட்டன. விடிந்துவிட்டதாம்.

நான் சுவிட்சை அணைத்தேன். இருட்டில் வாளி உருளும் சத்தம் கேட்டது.

"யாரது விளக்கை அணைச்சது?"

"நான்தான். போட்டது யாரு?"

 வாளித் தண்ணீர் மட்டும் வந்து என் செருப்பை நனைத்தது.

சத்தம் கேட்டு நெஸு ஓடிவந்தாள். கையில் அவருடைய குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பச்சை பூத்த மயோனைஸ் பாட்டில். கதவையும் வாளியையும் அவருடைய தலைத்துண்டையும் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"எவ்வளவு நேரம், சென்செய்?"

"என்ன எவ்வளவு நேரம்?"

"விளக்கு. எப்ப போட்டீங்க?"

"அது... ஒரு நிமிஷம் இருக்கும்."

"நாலு அலமாரி தொடைச்சிருக்கு" என்றேன். "விசிறி றெக்கையும் பளபளன்னு இருக்கு."

"நான் வேகமா தொடைப்பேன்" என்று சொல்லிவிட்டு, நனைந்த காலுறையோடு சலக் சலக்கென்று நடந்து போய்விட்டார். கட்டாயாமா ஏற்கனவே இடுக்குகளை விட்டுவிட்டு மாயமாகியிருந்தார்.

நெஸு மயோனைஸ் பாட்டிலைத் தரையில் வைத்தாள். கதவைச் சாத்தினாள். திரையை இறக்கினாள்.

"சுகியுரா சான், சிவப்பு விளக்கைக் கட்டுங்க. இப்பவே எடுத்துடலாம்."

"இனிமே என்னத்துக்கு? கெட்டுப்போச்சே."

"கெட்டது எப்படிக் கெட்டுச்சுன்னாவது தெரியணும்ல. மிச்சம் இருக்கறவங்களை நாளைக்கு வரைக்கும் திட்டப்படியே எடுப்போம்."

சுத்தம் முடிந்து எல்லோரும் கீழே உட்கார்ந்து வருடக் கடைசி நூடுல்ஸை உறிஞ்சிக் குடித்தார்கள். எங்கள் பங்கு இரண்டு கிண்ணமும் ஆறி, ஊறி, கயிறு மாதிரி உப்பிப்போய்க் காத்திருந்தது. நான் சாப்பிட்டேன். நெஸு தொடவில்லை.

புது வருட விடுமுறை முடிந்து கூடம் திறந்த அன்று கட்டாயாமா நெஸுவை ஓரமாக அழைத்தார். ஓரம் என்றால் என் தீவன மூட்டைகள் இருக்கும் இடம். என்னை அவர் மூட்டையாகத்தான் எடுத்துக்கொண்டார்.

"ஒரு பெட்டி யோகான் வாங்கிட்டுப் போய் சென்செய்கிட்ட மன்னிப்புக் கேட்டுடுங்க."

"நானா?"

"யார் பண்ணினதுங்கறது வேற விஷயம். சென்செய் மனசு சரியில்லாம இருக்கார். நீங்க முதல்ல தலை குனிஞ்சா அவருக்கும் பேச வசதியா இருக்கும். உங்களுக்கு அந்த நேரம்தானே வேணும்? தானா சொல்லிடுவார்."

எங்கள் ஊரில் மன்னிப்புக்கு ஒரு எடை உண்டு. சின்னத் தப்புக்கு பிஸ்கட். பெரிய தப்புக்குக் கையில் கனக்கிற பண்டம் வேண்டும். அதனால்தான் யோகான். பயறும் சர்க்கரையும் இறுக்கிச் செய்த கறுப்பு அல்வாக் கட்டி, தூக்கினால் செங்கல். நெஸு பழைய கடைக்குப் போய் இருப்பதிலேயே கனமான பெட்டியை வாங்கிவந்தாள். அவர் செய்த தப்புக்கு அவர் தின்பதற்கு அவள் காசில்.

சென்செயின் அறையில் பெரிய சுத்தத்துக்குப் பிறகும் ஒரு எலி தென்பட்டிருந்தது. பொறி வைக்க நானும் போயிருந்தேன். சுவரோரமாக மண்டியிட்டிருந்த என் முதுகுக்குப் பின்னால் நடந்தது இது.

"இருட்டறைக் கதவுல இன்னும் பெரிய எழுத்துல எழுதி ஒட்டாதது என் தப்பு. மன்னிக்கணும்" என்று நெஸு குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. அவள் காலணியின் நுனியை நான் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன், அசையாமல் நின்றது.

"சரி, சரி. எல்லாருக்கும் நடக்கறதுதான். இதையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க."

மன்னித்துவிட்டார்! நான் பொறியின் கம்பியில் விரலைக் கொடுத்துவிட்டேன்.

"அந்த விளக்கு, சென்செய். தோராயமாச் சொன்னாலும் போதும், எத்தனை நிமிஷம்னு..."

காகிதம் கிழிக்கும் சத்தம். பிறகு கத்தி வெட்டும் சத்தம்.

"அடடே, இது அந்தப் பழைய கடையோடதா? மணமே வேற. சுகியுரா சான், நீங்க ஒரு துண்டு?"

நான் வாங்கிக்கொண்டேன். பொய் சொல்வானேன், நன்றாகத்தான் இருந்தது.

ஜனவரிக் கடைசியில் கண்களின் மெலடோனின் கணக்கு வந்தது. நெஸு என்னைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினாள். நீலக் கோடு இடது கண், சிவப்புக் கோடு வலது கண். இரண்டும் காடையின் ராத்திரியில் கைகோத்துக்கொண்டு மலையேறுகின்றன. உச்சிக்கு வந்த இடத்தில் நீலக் கோடு படி தவறியவன் மாதிரி அடியில் விழுகிறது. சிவப்புக் கோடு கொஞ்சம் தள்ளாடிவிட்டு நின்ற இடத்திலேயே நிற்கிறது.

"விழுந்த இடம் எது தெரியுதா?"

"பெரிய சுத்தம்."

"ஆமா. ஆனா வலது கண்ணைப் பாருங்க! மருந்து போட்ட கண்ணு. அதே வெளிச்சம் பட்டிருக்கு, ராத்திரி மேஸ்திரி அசையல! பகல் மேஸ்திரியோட வாயைக் கட்டிட்டா வெளிச்சம் என்ன கத்தினாலும் ராத்திரி மேஸ்திரிக்குக் கேக்கல. இதைத்தான் நான் அடுத்த வருஷம் பாக்கணும்னு இருந்தேன்!"

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தாள். என் இடுப்பு அன்றோடு ஒரு வாரத்துக்குப் போனது. குதித்து முடித்தவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நேரம் வேணும், சுகியுரா சான். விளக்கோட பிரகாசத்தை நானே அளந்துட்டேன். எவ்வளவு நேரம் எரிஞ்சதுன்னு எழுதினாத்தான் இன்னொருத்தர் இதைத் திரும்பச் செஞ்சு பாக்க முடியும். அது இல்லாட்டி இது சோதனை இல்ல. ஒரு பெரிய மனுஷர் தூசி தட்டின கதை."

அந்த வாரக் கூட்டத்தில் கோடுகளை எல்லோருக்கும் காட்டினாள். இடையில் வெளிச்சம் பட்டிருக்கிறது என்று சொன்னாள். யார் என்று சொல்லவில்லை. மேசையைச் சுற்றி இருந்தவர்கள் அத்தனை பேரும் தங்கள் தேநீர்க் கோப்பையில் எதையோ தேட ஆரம்பித்தார்கள்.

"எங்கயாவது கசிஞ்சிருக்கலாம்" என்றார் கட்டாயாமா. "அந்தக் கதவு பழசு."

"மின்சாரக் கோளாறா இருக்கலாம்" என்றது ஒரு குரல்.

காடைக் கணக்குச் சொல்வதற்காகப் பின்வரிசையில் எனக்கும் ஒரு நாற்காலி உண்டு.

"கசியல்லாம் இல்ல" என்றேன். "சென்செய் ஸ்டூல்மேல நின்னு பாட்டுப் பாடிக்கிட்டிருந்தார்."

 சென்செய் புன்னகைத்தார். நகர மண்டபத்தில் முதியவர்களுக்குக் காட்டும் அதே புன்னகை.

"சுகியுரா சான் எப்பவும் தமாஷ்தான்."

எல்லோரும் சிரித்தார்கள், அவர் சிரித்த அளவுக்குத் துல்லியமாக. இருட்டறைக்கு இனி இரண்டு பூட்டுப் போடுவது என்று ஒருமனதாக முடிவானது. ஒரு சாவி சென்செயிடம் இருக்கும்.

பிப்ரவரியில் குழு வந்தது. விஷயம் கனமானது, நானே பேசுகிறேன் என்று சென்செய் சொல்லிவிட்டார். நெஸு படங்களை மாற்ற வேண்டும், நான் தேநீர் கொண்டுபோக வேண்டும். தட்டோடு நுழைந்தபோது நீலக் கோடு விழும் இடத்தில் சென்செயின் குச்சி நின்றது.

"இங்கே, காடைகளின் நடுராத்திரியில், நான் ஒளியைக் கொடுத்தேன்."

கொடுத்தேன் என்றார். படைத்தவர் மாதிரி.  நெஸுவின் கை பொத்தான்மேல் அப்படியே நின்றுவிட்டது.

"எவ்வளவு நேரம் கொடுத்தீர்கள்?" என்று கேட்டார் குழுவில் ஒருவர்.

"ஐந்து நிமிடம்."

ஒரு மூச்சுக்கூடத் தயங்கவில்லை. அவருடைய பழைய பெருமைக்குரிய ஆய்வின் தொடர்ச்சி அல்லவா என்று குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். கை தட்டினார்கள். ஜனவரியில் அந்த விளக்கை யாரும் போடவில்லை, பிப்ரவரியில் அவரே போட்டிருக்கிறார். பெருமை வந்ததும் ஞாபகம் வந்துவிட்டது.

அவர்கள் போன பிறகு நான் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நெஸு அவர் முன்னால் போய் நின்றாள்.

"அஞ்சா, சென்செய்?"

"அஞ்சுன்னு எழுதிடுங்க."

"நிஜமாவே அஞ்சா?"

"கடிகாரம் வச்சா தொடைச்சேன்? அஞ்சுன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. என் பழைய வேலையிலயும் அதுதான்."

"நாலு அலமாரி, விசிறி, ஸ்டூலை நகர்த்தின நேரம். அதையெல்லாம் இன்னொரு தடவை செஞ்சு காட்டினீங்கன்னா நான் அளந்துக்கறேன். 'ஆய்வுக்கூடத்தைச் சுத்தம் செய்தபோது தவறுதலாக'ன்னு ஒரு வரி. அவ்வளவுதான். முடிவு அப்படியே நிக்கும்."

"அதை எழுதினா உலகமே சிரிக்கும்!"

"சிரிச்சுட்டுப் போகட்டும். கண்ணு காட்டினது மாறப்போகுதா?"

சென்செய் குச்சியை மடக்கிச் சட்டைப்பையில் செருகினார். குரல் உயரவில்லை. அன்பாகவே பேசினார்.

"நெஸு சான், உங்க ஒப்பந்தத்துக்கு நல்லபடியா எழுதணும்னுதான் நான் நினைச்சுக்கிட்டு இருக்கேன்."

அவள் கட்டுரையை எழுதி அவருக்கு அனுப்பினாள். ஒளி எரிந்த நேரம் என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்று போட்டிருந்தாள். 'ஐந்து நிமிடம்' என்று திருத்தி வந்தது. மறுபடி 'தெரியவில்லை' என்று அனுப்பினாள். மறுபடி ஐந்து. அவருடைய திருத்தம் ஒவ்வொன்றும் விடிகாலை மூன்று மணிக்குத்தான் வரும். அந்த நேரத்தில் திரை வெளிச்சம் முகத்தில் அடிக்க உட்கார்ந்திருக்கும் மனுஷருடைய கண்ணில் ராத்திரி மேஸ்திரி எப்போதோ வேலையை விட்டுப் போயிருப்பார். அவளுடைய ஒப்புதல் இல்லாமல் அவரால் வெளியிட முடியாது. அவர் உண்மையான நேரத்தைச் சொல்லாமல் அவள் ஒப்புதல் தர மாட்டாள். கட்டுரை இன்றைக்கும் அங்கேயேதான் கிடக்கிறது.

"அஞ்சுன்னு போட்டுட்டுப் போங்களேன்" என்று நான்கூட ஒருநாள் சொன்னேன். "மூணு வருஷச் சோறு."

"அஞ்சா இருந்தா போட்டுடுவேன், சுகியுரா சான். அதைவிட ரொம்ப அதிகம்னு உங்களுக்கே தெரியும். எவனோ ஒருத்தன் நம்பி அஞ்சு நிமிஷம் வெளிச்சம் வச்சுப் பாப்பான். கோடு இவ்வளவு தூரம் விழாது. அப்புறம் அவனோட ஒப்பந்தம் போகும்."

மார்ச்சில் கடிதம் வந்தது. நிதி நிலைமை காரணமாகப் புதுப்பிக்க இயலவில்லை. ஒசாகாவில் கண் மருந்துக் கம்பெனி ஒன்றின் சோதனைப் பிரிவில் அவளுக்கு வேலை கிடைத்தது. அதுவும் ஒரு வருட ஒப்பந்தம்.

அவள் கிளம்பிய நாளும் ஆய்வில் செத்த விலங்குகளுக்கான நினைவு நாளும் ஒன்றாக வந்தன. விலங்குக் கூடத்தின் பின்னால் ஒரு கல் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் கறுப்பு உடையில் அதன் முன்னால் வரிசையில் நிற்போம். ஊதுபத்தி, ஒரு தட்டில் தீவனம், மஞ்சள் சாமந்தி. சாமந்தி எங்கள் பக்கத்துத் தீபகற்பத்தில் விளக்கைப் போட்டு ஏமாற்றிக் காலம் தப்பிப் பூக்கவைத்தது. எங்கள் மிக்காவாப் பகுதியின் காய்ந்த காற்று ஊதுபத்திப் புகையை எங்கள் மூக்குக்கே திருப்பி அடித்தது.

உட்சுமி சென்செய் முன்னால் போய் நின்று காகிதத்தைப் பிரித்தார்.

"காடைகளே, உங்கள் கண்களின் ஒளியை நாங்கள் எடுத்துக்கொண்டோம். எங்கள் அறியாமையால் உங்களுக்குத் தேவையற்ற துன்பமும் இழைத்திருப்போம். எங்களை மன்னியுங்கள்."

குரல் தழுதழுத்தது. இடுப்பு வரை குனிந்தார். நெஸு அன்று அவர் அறையில் குனிந்ததைவிடக் கொஞ்சம் அதிக நேரமே குனிந்திருந்தார். கட்டாயாமா மூக்கைச் சிந்தினார்.

கடைசி வரிசையில் நெஸு பயணப் பெட்டியின் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட்டம் கலைந்ததும் நேராக அவரிடம் போனாள். நான் தீவனத் தட்டை எடுக்கக் கல்லருகே நின்றிருந்தேன்.

"போறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுடறேன், சென்செய். எவ்வளவு நேரம்?"

அவர் அவளைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். கண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

"ஒசாகால குளிர் ஜாஸ்தி. உடம்பைப் பாத்துக்குங்க" என்றார்.

பெட்டியின் சக்கரம் சரளைக்கல்லில் சிக்கிச் சிக்கிப் போனது. வாசல்வரை நான் தூக்கிக் கொடுத்தேன், இடுப்போடு. டிராம் வந்தது, ஏறிவிட்டாள்.

காடைகளுக்குத் தர வேண்டியதைச் சென்செய் பூவும் பத்தியும் வைத்துத் தீர்த்துவிட்டார். நெஸு ஷியோரிக்கு அவர் வைத்திருக்கும் பாக்கி அப்படியே நிற்கிறது. விளக்கைப் போட்டது நான்தான், துடைத்துக்கொண்டிருந்தபோது இத்தனை நிமிடம் எரிந்தது என்ற ஒரு வரி.